பாலை: மணல்நிலமோ, வழிநிலமோ?
(பாண்டிநாட்டுச் சான்றுகள் வழி ஓர் ஆய்வு)

1. ஆய்வின் நோக்கம்

அகத்திணை ஐந்தனுள் மிகுதியாகப் பாடப்பெற்றது பாலையே. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. எனவே நானூற்றில் சரிபாதியாகிய 200 பாடல்கள் அத்திணைக்கு உரியன. கலித்தொகையில் பெருங்கடுங்கோவின் பாலைக்கலி முன்னிற்கின்றது. ஐங்குறுநூற்றின் நான்காம் நூறு ஓதலாந்தையார் பாடிய பாலை. இத்துணைப் பெருவழக்காய திணையின் நிலம் யாது என வினவின், இளமையில் மனப்பாடம் செய்த விடையையே நம்மிற் பலரும் இன்றும் கூறுகின்றோம்: மணலும் மணல் சார்ந்த இடமும் என்பதே அவ்விடை. முதுகலை வகுப்பில் இவ்வினாவை எழுப்பும் ஆண்டுதோறும் இவ்விடையையே யான் கேட்டு வருகின்றேன். விடையிறுக்கும் மாணவர் கண்முன் நிற்பது தார்ப் பாலைவனமும் ஒட்டகமும் ஆகும். சங்கப் பாடல்கள் காட்டும் பாலை அதுவன்று என்பதும், அத்தவறான விளக்கம் பாடலின் பொருளையே சிதைக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. மணல் எத்திணைக்கு உரியது?

தொல்காப்பியர் நானிலம் பகுக்குமிடத்துக் காடு, மலை, புனல், மணல் என நான்கனையும் நான்கு தெய்வங்களுக்கு உரிமைப்படுத்தினார். அவற்றுள் மணல் வருணனுக்கு உரிய நெய்தல் நிலம். பாலைக்கு அவர் நிலம் வகுத்திலர், நண்பகலும் வேனிலும் ஆகிய பொழுதே வகுத்தார், பின்பனியையும் உடன்கூறினார். அதனை நடுவுநிலைத் திணை எனப் பெயரிட்டு நிறுத்தினார். எனவே மணலைப் பாலையின் நிலமாக்குவோர் ஆசிரியர் வகுத்த நெய்தலைப் பறித்துப் பாலைக்கு ஈகின்றனர்.

இவ்விளக்கம் எவ்வாறு வேரூன்றியது? இன்றைய புவியியல் நூல்கள் மழையற்ற வறுநிலத்தைக் குறிக்கப் பாலைவனம் என்னும் சொல்லை ஆள்கின்றன. பழைய திணைப்பெயர் புதிய பொருளுக்கு உதவியது. பின்னர்ப் புதிய பொருளே திரும்பி வந்து பழைய திணைமேல் ஏறிக்கொண்டது. வனம் என்பதன் பொருள் காடு என்பதனையும் இச்சொல்லை வழங்குவோர் மறந்தனர்.

தமிழகத்தில் மணற்பாலைக்கு நெருங்கிய நிலம் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தேரிக்காடு காற்றால் குவிந்த செம்மணல் மேடுகளால் ஆயது. மணலே பாலையாயின் புலவர் பாலைக்குத் தேரியையன்றோ முதற்கண் பாடியிருத்தல் வேண்டும்? தேரியின் சிறப்பு மரமாகிய பனையை அகப்பாடல்கள் பெரிதும் நெய்தலிலேயே வைத்துப் பாடுகின்றன. இவ்வொன்றே மணற்கொள்கையின் வலியின்மையைக் காட்டப் போதியது.

3. மண்ணும் மரமும் விலங்கும்

பாலைப் பாடல்களில் கால்படும் தரை யாது? பரல், கல், பிளந்த பாறை, வெடித்த நிலம் ஆகியனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. நடப்போர் அடியைப் பரற்கல் வருத்துகின்றது. மணல் வருமிடத்தும் அது கொடுமைக்கு அடையாளமாக வருவதில்லை. நற்றிணை 9-ஆம் பாடலில், உடன்போக்கில் தலைவியை அழைத்துச் செல்லும் தலைவன், நிழல் கண்ட இடந்தோறும் இளைப்பாறியும் மணல் கண்ட இடந்தோறும் சிற்றில் இழைத்து விளையாடியும் வருந்தாது ஏகுமாறு கூறுகின்றான். இதனைப் பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பாலையாற் பெயர்பெற்ற புலவர்க்கே மணல் விளையாட்டிடம் ஆயிற்று என்பது கருதத்தக்கது.

மரங்களை நோக்குவோம். ஓமை, யா, உழிஞ்சில், மரா, குரா, இருப்பை, நெல்லி, மூங்கில், கள்ளி என்பன பாலைக்குரியவாகப் பயில்கின்றன. திணைப்பெயரும் மரப்பெயரே. அகநானூற்றின் முதற்பாட்டு மாமூலனார் பாடிய பாலைப்பாட்டு. அதில் கடுங்காற்று முருங்கையின் வெண்பூவை உதிர்க்கின்றது. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் முருங்கையில்லாத வீட்டுக்கொல்லை அரிது. இருப்பை இன்று இலுப்பை என வழங்குகின்றது. இலுப்பைக்குடி, இலுப்பையூர் எனப் பாண்டிநாட்டு ஊர்ப்பெயர்களில் நிலைத்துள்ளது. இவையெல்லாம் கோடையில் இலையுதிர்த்து மழையில் தழைக்கும் காட்டு மரங்கள்.

விலங்குகளுள் யானை தலைமையானது. யா மரத்தின் பட்டையைப் பிளந்து பிடியின் பசி களையும் களிற்றைப் பெருங்கடுங்கோ குறுந்தொகை 37-இல் காட்டுகின்றார். அக்காட்சியைத் தலைவனும் வழியிற் காண்பான், கண்டு மீள்வான் என்பதே தோழியின் ஆறுதல். புலியும் செந்நாயும் கரடியும் மரையும் பாலையில் திரிகின்றன. யானையைத் தாங்கும் நிலம் எத்துணை வாடியதாயினும் காடேயன்றி மணற்பரப்பு ஆகாது.

அளவையாலும் இதனை உறுதிப்படுத்தலாம். ஆண்டில் 250 மில்லிமீட்டருக்கும் குறைந்த மழை பெறும் நிலத்தையே புவியியலார் பெரும்பாலும் பாலைவனம் என்ப. மதுரை மாவட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெறுவது. ஆயின் அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து ஓய்கின்றது. மாசி முதல் வைகாசி வரை நிலம் காய்கின்றது. குறைபாடு மழையின் அளவில் இல்லை; அதன் பங்கீட்டில் உள்ளது. ஆதலின் பாலைக்கு நிலம் கூறாது பொழுதே கூறிய தொல்காப்பியரின் நுட்பம் பாண்டிநாட்டுத் தட்பவெப்பத்திற்கு முற்றும் பொருந்துகின்றது.

4. சொற்கள் தரும் சான்று

பாலைநிலத்தைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொற்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். சுரம், அத்தம், அதர், ஆறு, நெறி, இயவு, கவலை, ஆரிடை என வருவனவற்றுள் மிகப்பல வழியைக் குறிப்பன. கவலை என்பது பிரியும் வழி. மனத்துயரையும் அச்சொல்லே குறிக்கின்றது. மருதத்தைப் பாடுவோன் வயலையும் துறையையும் பாடுவான். நெய்தலைப் பாடுவோன் கழியையும் கானலையும் பாடுவான். பாலையைப் பாடுவோன் வழியைப் பாடுகின்றான். ஏனைய நிலங்கள் வாழ்வோரால் பெயர்பெற்றன. பாலை கடப்போரால் பெயர்பெற்றது. பிரிதல் அதன் உரிப்பொருள் ஆதற்கு இயைபும் இதுவே. ஓதலும் தூதும் பகையும் பொருளும் கருதிப் பிரிவோன் எவனாயினும் அவன் காலடியில் முதற்கண் தோன்றுவது வழி. எனவே பாலையை வழிநிலம் என்றலே தகும்.

5. மதுரைக்குச் செல்லும் வழிகள்

இக்கருத்திற்கு மதுரையைச் சார்ந்த இரு பெருநூல்கள் அரண் செய்கின்றன.

முதலாவது மதுரைக் காஞ்சி. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனின் நாட்டில் ஐந்திணையும் அமைந்திருந்த வகையை விரிக்கின்றார். பாலைக்கு வருமிடத்து அவர் கூறுவது வேனிலால் நிழலற்ற குன்றம். உராய்ந்த மூங்கிலில் பிறந்த தீ பரவும் காடு. ஆங்கு இலைவேய்ந்த குடில்களும் மான்தோற் படுக்கையும் உள்ளன. தழைக்கண்ணி சூடி வில் ஏந்திய கடுஞ்சொல் இளைஞர் பிரியும் வழிகளைக் காத்து நிற்கின்றனர். அவர்க்குப் புலவர் கூறிய தொழில் காத்தலே என்பதனை ஈண்டுக் குறித்துக்கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

இரண்டாவது சிலப்பதிகாரம். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் கோவலற்கு மதுரை வழி கூறுகின்றான். கொடும்பாளூர்ப் புறத்தே வழி சூலம்போல் மூன்றாகப் பிரிகின்றது. வலப்புற வழி வறண்ட காடு கடந்து சிறுமலை சார்ந்து செல்வது. இடப்புற வழி திருமால்குன்றமாகிய அழகர்மலையை அடுத்துச் செல்வது. இடைப்பட்ட வழி ஊர்களும் காடும் விரவியது. கொடும்பாளூர் இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்பெயராலேயே வழங்குகின்றது. சிறுமலையும் அழகர்மலையும் மதுரையின் வடபால் கண்ணுக்குத் தோன்ற நிற்கின்றன. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலை வடிவு கொள்ளும் என்னும் புகழ்பெற்ற கருத்து இவ்வழி கூறுமிடத்திலேயே வருகின்றது என்பதனைப் பலரும் கருதுவதில்லை. இளங்கோவடிகள் நிலவியல் இலக்கணம் கூறப் புகுந்திலர். வழிநடைப் பயணி ஒருவன் வாயில் வைத்து, இவ்வழியில் இக்காலத்தில் யாது காண்பாய் என்றே கூறினார்.

சித்திரைத் திங்கள் ஒன்றில் முதுகலை மாணவர் சிலருடன் மேலூர்ப் பக்கத்திலிருந்து அழகர்மலை அடிவாரம் நோக்கி நடந்தேன். பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்களைக் கடந்து மேட்டுநிலம் ஏறியதும் பரற்கல்லும் முட்செடியும் தொடங்கின. நண்பகலில் ஒரு பாறையின் சிறுநிழலில் ஒதுங்கினோம். மாணவி ஒருவர், ‘ஐயா, இதற்குத்தான் இவ்வளவு பாட்டா?’ என்றார். மார்கழியில் அதே இடத்திற்கு மீண்டும் சென்றபோது புல் முழங்காலளவு நின்றது; ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மாணவி ஒன்றும் வினவவில்லை. மறுமொழியை நிலமே கூறிவிட்டது.

6. கல்வெட்டும் நடுகல்லும்

வழிநிலம் எனின் அவ்வழியே சென்றோர் யாவர்? பாலைப்பாட்டில் உமணர் உப்புவண்டியொடு செல்கின்றனர். வணிகச் சாத்துகள் செல்கின்றன. அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் மதுரையைச் சார்ந்த பொற்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் முதலியோரைப் பொறித்துள்ளன. பாட்டில் பெயரின்றி நடந்த உமணன் கல்லில் பெயரோடு நிற்கின்றான். அதுவும் மறையவன் கூறிய இடப்புற வழியின் மலையிலேயே நிற்கின்றான். மேலூரை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்னும் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவும் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளன. 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த அக்கல்வெட்டுகளில் அப்பாண்டியன் பெயரைத் தெளிவுறப் படித்தவர் ஐராவதம் மகாதேவன், ஆண்டு 1965.

நடுகல்லும் அவ்வாறே. மதுரை மருதன் இளநாகனார் அகநானூற்றுப் பாலைப்பாட்டுகளில் வழியோர நடுகற்களைப் பலகால் பாடுகின்றார். 297-ஆம் பாட்டில் மறவர் அம்பு தீட்டியதால் கல்லின் எழுத்துத் தேய்கின்றது. வழிச்செல்வோர் அதனை முற்றப் படிக்கமாட்டாது கடந்து செல்கின்றனர். 343-ஆம் பாட்டில் மழுங்கிய எழுத்து வேறு பொருள் தந்து மயக்குகின்றது. இவை கற்பனை எனக் கருதியோரும் இருந்தனர். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் பட்ட வீரனுக்கு எடுத்தது. ஆகோள் என்பது தொல்காப்பியர் வெட்சித்திணையில் வைத்த துறைச்சொல். இலக்கணச் சொல் கல்லின்மேல் கிடைத்தது. அக்கல் கிடைத்த வைகைப் பள்ளத்தாக்கு மதுரையிலிருந்து மேற்கு மலை கடந்து சேரநாடு செல்லும் வழியில் உள்ளது.

மணல் மூடிய வெற்றுவெளியில் படிப்பாரை நோக்கி எவன் எழுத்துப் பொறிப்பான்? எழுத்து நிற்கும் வழி, ஆள் நடக்கும் வழியே.

7. பாலையின் மக்கள்

பாலைவனம் எனின் மக்களற்ற வெளி என்பது பொருளாகும். பாட்டுகள் அவ்வாறு கூறவில்லை. பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலைக் காட்டுகின்றது. அக்குடிலில் ஈன்ற பெண்ணொருத்தி மான்தோல் படுக்கையில் மகவொடு கிடக்கின்றாள். ஏனைய பெண்டிர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி கொணர்ந்து, நிலவுரலில் குற்றி, கிணற்றின் உவர்நீர் உலையேற்றிச் சோறு ஆக்குகின்றனர். வறுமை உண்டு, எனினும் அடுப்பு அணையவில்லை. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறு வழிவந்த பாணர்க்கு விருந்தாகின்றது.

ஆறலைத்தல் ஒன்றனையே பாலை மக்களின் தொழிலாகப் பிற்கால இலக்கணம் நிறுவியது. ஆறலைப்போரைப் பாடும் சங்கப்பாடல்கள் பல என்பதனை யான் மறுக்கவில்லை. ஆயின் மதுரைக் காஞ்சியில் வில்லேந்திய இளைஞர் வழியைக் காத்தனர். அகநானூறு 159-இல் உமணர் விட்டுச்சென்ற கல்லடுப்பிலேயே ஆநிரை கவர்ந்த மறவர் ஊன் சமைக்கின்றனர். காப்போனும் கவர்வோனும் வணிகனும் ஒரே வழியின் மக்கள். ஒருவன் அடுப்பை ஒருவன் மூட்டினான். காவலரைக் கைவிட்டுக் கள்வரை மட்டும் எடுத்துக்கொண்டது நம் ஆய்வின் ஒருபாற் சாய்வு.

இச்சாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. 1871-இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. மதுரையின் மேற்கே வறண்ட சிற்றூர்களில் வாழ்ந்த மக்கள் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் குறிக்கப்பெற்றனர். அதனை எதிர்த்தோர்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன. சங்கப்பாட்டின் மறவரையும் எயினரையும் பிற்காலச் சாதியாரொடு ஒன்றாக்கி, வழிப்பறி அவர்தம் மரபு என்பது போல் எழுதுவோர் இவ்வரலாற்றை ஓர்ந்து எழுதுதல் கடன். திணைமாந்தர் வேறு, சாதி வேறு. பாட்டு ஒருபோதும் பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

8. ஒரு தடையும் விடையும்

நீரும் நிழலும் பறவையும் அற்ற கொடுஞ்சுரங்களைப் பல பாடல்கள் பாடுகின்றனவே எனின், அத்தடைக்கு விடை கூற்றில் உள்ளது. பாலையின் கொடுமையை மிகுத்துக் கூறுவோர் பெரும்பாலும் அவ்வழியே செல்லாதோர். தலைவியும் தோழியும் நற்றாயும் செவிலியும் வீட்டில் இருந்து, காணாத வழியை அச்சத்தாற் படைக்கின்றனர். நெஞ்சிற்குக் கூறும் தலைவனும் பலவிடத்துப் பிரிய மனமின்றி வழியைக் கொடிதாக்குகின்றான். அவ்வழியே நடப்போன் கூறும் நற்றிணை 9-ஆம் பாட்டிலோ, செல்லும் ஆறு அணித்தணித்தாய சிற்றூர்கள் பல உடையது. அவன் தலைவியைத் தேற்றக் கூறினான் எனலாம், உண்மையே. ஆயினும் இல்லாத ஊரை உண்டெனக் கூறின் மாலைக்குள் பொய் வெளிப்படுமன்றோ? எனவே பாலையின் வெம்மை நிலத்தின் அளவன்று. சொல்வோர் நெஞ்சின் அளவு. கூற்று நோக்காது வருணனையை மட்டும் எடுத்து நிலவரைபடம் வரைவோர் வழுவுகின்றனர்.

9. வேனிலும் காரும்

இவ்வாய்வின் இலக்கியப் பயன் இனிக் கூறப்படும். பாலை நிலையான வறுநிலம் எனக் கொண்டால் தலைவியின் ஆற்றியிருத்தலுக்குப் பற்றுக்கோடு இல்லை. தலைவன் கார்வரவில் மீள்வேன் எனக் கூறிப் பிரிகின்றான். கார் வரும்; வந்தபோது அவன் கடந்த பரற்காடே முல்லை பூத்த காடாகும். பிரிவின் நிலமும் இருத்தலின் நிலமும் இரண்டல்ல. ஒரே நிலத்தின் இரு பொழுதுகள். வாடிய ஓமையைப் பாடும் புலவன் தழைக்கவிருக்கும் காட்டையும் உள்ளடக்கியே பாடுகின்றான். வேனிலின் கொடுமையில் காரின் உறுதி மறைந்து கிடப்பதே பாலையின் அழகு. மணற்பாலையில் இவ்வுறுதிக்கு இடமில்லை. ஆண்டுகள் பல கழியினும் அது மணலே. ஆதலின் பாலையைப் பாலைவனம் எனப் பெயர்க்கும்போது ஒரு சொல் மட்டும் பிழைபடவில்லை. தலைவியின் நம்பிக்கையே பறிபோகின்றது.

10. முடிவுரை

இதுவரை கூறியவற்றால், பாலை மணல்நிலம் அன்று என்பதும், வேனிலில் வாடிய குன்றும் காடும் ஊடறுத்துச் செல்லும் வழிநிலமே பாலை என்பதும், அது மக்கள் வாழ்ந்த நிலம் என்பதும், அதன் வெம்மை பொழுதாலும் கூற்றாலும் அளக்கத்தக்கது என்பதும் பெறப்பட்டன.

1895-இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திரும்பியதும் 1959-இல் வைகை அணை திறந்ததும் மதுரைச் சமவெளியின் ஒரு பகுதியை மருதமாக்கின. நீர் எட்டாத மேட்டுநிலங்கள் இன்றும் வேனிலில் பாலையாகின்றன. அவற்றைப் பயனற்ற வெற்றிடம் எனக் கருதும் வழக்கு வருவாய்ப் பதிவேட்டிலும் உண்டு. நம் பாடநூலிலும் உண்டு. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது; தமிழிக் கல்வெட்டும் பாறைக் குடைவரையும் ஏரிகளும் பறவைகளும் அவ்வறண்ட குன்றுகளிடை ஒருங்கே உள்ளன. வெற்றிடம் எனப்பட்டது வெற்றிடம் அன்று என்பதற்கு அதனினும் அணித்தான சான்று வேண்டுவதில்லை.

மணலும் மணல் சார்ந்த இடமும் என்னும் விடையை நம் வகுப்பறைகளிலிருந்து நீக்குதல் வேண்டும். அதன் இடத்தில், வேனிற்காட்டு வழி என்னும் விடையை வைக்கலாம் என்பது என் கருத்து. இதனினும் சிறந்த சொல் காண்பார் உளராயின் அதனை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. அறிஞர் ஆய்ந்து கொள்க.